படத்தின் மூலையில் இருந்த சிஸ்டர்

பத்திரிகை அலுவலகத்தில் அவளுக்குக் கேள்விக்குறி என்று பெயர். தோளில் எந்நேரமும் கனத்த பை தொங்குவதால் நடக்கும்போது சற்று முன்னால் வளைந்திருப்பாள். யார் என்ன தகவல் சொன்னாலும், "அப்படின்னு யாரு சொன்னா? நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவாள். இரண்டுக்கும் சேர்த்து யாரோ ஒரு புண்ணியவான் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, கல்யாணம் கூடிவரவில்லை, அண்ணன் வீட்டு மாடி அறையில் இருந்தாள். நகரப் பக்கத்து நிருபர் வேலை. உடைந்த குழாய், எரியாத தெருவிளக்கு, நாய்த்தொல்லை, அரசு ஆஸ்பத்திரி எல்லாம் அவள் பாடு.

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு வாளி வைத்திருந்த தூணின் மேலே ஒரு நாள் பெரிய திரை ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார்கள். ஊரில் இணையத்தில் எதைப் பற்றிப் பேச்சு ஓடுகிறது, தங்கள் தளத்தில் எந்தச் செய்தியை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். முன்பெல்லாம் காலைக் கூட்டத்தில் செய்தி ஆசிரியர் நிருபர்களின் முகத்தைப் பார்த்து "இன்னிக்கு என்னப்பா இருக்கு?" என்பார். திரை வந்த பிறகு அதே கேள்வியைத் திரையைப் பார்த்துக் கேட்டார்.

திரைக்குக் கீழே உட்கார்ந்திருந்த பெண்ணுக்குப் பரபரப்பு என்று பெயர். அவள் போடும் தலைப்பு எதுவானாலும் அந்த வார்த்தை எட்டிப்பார்க்கும். "பூனை மரத்துல ஏறினாலும் பரபரப்பு, இறங்கினாலும் பரபரப்பு" என்று விளையாட்டுப் பக்கத்துக்காரர்கள் ஓட்டுவார்கள். "போடலைன்னா எவனும் தொட்டுக்கூடப் பாக்க மாட்டேங்கிறானே" என்பாள் அவள். கெட்டவள் இல்லை. நாள் முழுக்க ஊர்க் குழுக்களை மேய்ந்து, ஓடுகிற பேச்சைச் செய்தியாக்கி, அச்சான செய்தியை மறுபடி அதே குழுக்களில் கொண்டுபோய்ப் போட வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

கேள்விக்குறியின் அண்ணன் பல வருஷம் லாரி ஓட்டியவர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் அரசு ஆஸ்பத்திரி டயாலிசிஸ் பிரிவில், மெஷினோடு கையைக் கோர்த்துவிட்டுச் சாய்வு நாற்காலியில் கிடப்பார். அங்கே ஆறு மெஷின்கள். இரண்டு கெட்டுப்போய்த் துணி போர்த்தி மூலையில் நின்றன. அதனால் எல்லோருக்கும் முறை குறைந்தது. அண்ணனுக்கு மூன்று நாள் இரண்டு நாளாயிற்று. பாதம் வீங்கியது. மாடிப்படி நாலு ஏறினால் மூச்சு வாங்கியது. அண்ணி தண்ணீர்ச் சொம்பை ஒளித்து வைத்தாள். அவர் பல் தேய்க்கிற சாக்கில் குழாயில் குடித்தார். இருவருக்கும் இதில் நாள்தோறும் சண்டை.

மெஷின் கெட்டுப்போன விஷயத்தைக் கேள்விக்குறியிடம் சொன்னதே அந்தப் பிரிவின் சிஸ்டர்தான். ஐம்பதை நெருங்கிய, குரலை உயர்த்தாத பெண்மணி. நோயாளிகளை நம்பர் சொல்லிக் கூப்பிடாமல் உறவு வைத்துக் கூப்பிடுவாள்.

"நான் சொன்னேன்னு மட்டும் போட்டுறாதம்மா," என்றாள் சிஸ்டர். "மேல எழுதி எழுதிக் கை ஓஞ்சுபோச்சு. கிணத்துல போட்ட கல்லு மாதிரி கிடக்கு. பேப்பர்ல வந்தாலாவது அசைவாங்க."

கேள்விக்குறி நாலு பேரிடம் விசாரித்து, கண்காணிப்பாளரிடம் விளக்கம் கேட்டு, ஒழுங்காக எழுதிக் கொடுத்தாள். செய்தி ஆசிரியர் மேலோட்டமாகப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா டயாலிசிஸ் மெஷின யாரு படிப்பா? வெளியில ஏதாவது பேச்சு ஓடுதா?"

"பேச்சு ஓடினாத்தான் சார் செய்தியா? உசுரு போற விஷயம்."

"எனக்கும் தெரியும்மா. இடம் இருந்தாப் போடறேன்."

இடம் இருக்கவில்லை. மறுநாளும் இல்லை. அந்த வாரம் ஊரில் எவனோ ஒருவன் ஸ்கூட்டரில் கண்ணாடி பீரோ ஏற்றிக்கொண்டு போன வீடியோவுக்கு மட்டும் முக்கால் பக்கம் கிடைத்தது.

அந்த வாரக் கடைசியில் அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவள், அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்தாள். துணி போர்த்திய இரண்டு மெஷின்கள், அவற்றுக்கு முன்னால் பெஞ்சில் முறைக்காகக் காத்துத் துவண்டுபோய் உட்கார்ந்திருந்தவர்கள், எல்லாம் விழுந்திருந்தது. வலது ஓரத்து மேசையில் சிஸ்டர் கைப்பேசியோடு இருந்தாள். மெஷின் கம்பெனிக்காரனைப் பிடித்துக் கெஞ்சிக்கொண்டிருந்தாள் அப்போது. "சார், ஆள் அனுப்பறேன், அனுப்பறேன்னே சொல்றீங்களே" என்ற குரல் கேள்விக்குறியின் காதில் தெளிவாகவே விழுந்தது. படத்தில் குரல் விழாதே.

அலுவலகத்தில் தேநீர் இடைவேளையில் மாடிப்படியில் உட்கார்ந்து, பொய்ப்பெயரில் ஒரு கணக்குத் தொடங்கினாள். 'நம்ம ஊர் நாலு பேர்' என்ற குழுவில் படத்தைப் போட்டு, "ஆறில் இரண்டு மெஷின் வேலை செய்யவில்லை. நோயாளிகள் தவிக்கிறார்கள். யாராவது கேளுங்கள்" என்று எழுதினாள். குழுவில் பேச்சு ஓடும், பரபரப்பு பார்ப்பாள், செய்தி ஆசிரியர் தானாகவே கூப்பிட்டு "அந்த டயாலிசிஸ் மேட்டர் உன்கிட்ட இருந்துச்சே" என்பார். அவள் போட்ட கணக்கு அதுதான்.

பேச்சு ஓடியது. முதலில் மெஷினைப் பற்றித்தான் ஓடியது. தன் மாமாவும் அங்கேதான் போகிறார் என்று ஒருவர் எழுதினார். வரிப்பணம் எங்கே போகிறது என்று இன்னொருவர் கேட்டார். கேள்விக்குறிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அப்புறம் 'உண்மை விளம்பி' என்று பெயர் வைத்திருந்த ஒரு ஆசாமி எழுதினான்: "மெஷின விடுங்க. அந்த மூலையில நர்ஸ் என்ன பண்றாங்க பாருங்க. சுத்தி உசுரு ஊசலாடுது, அம்மா ஃபோன்ல குஜால்."

அவ்வளவுதான், பேச்சு தடம் மாறிவிட்டது. யாரோ படத்தை வெட்டினார்கள். மெஷின்கள் போயின. பெஞ்சில் பாதியும் போயிற்று. தலையைத் தொங்கப்போட்ட ஒரு கிழவரும், கைப்பேசியில் பேசும் நர்ஸும் மட்டும் மிஞ்சினார்கள். வெட்டிய படம்தான் ஊரைச் சுற்றியது.

அன்று சாயங்காலம் கேள்விக்குறி வேறொரு கூட்டத்தில் மாட்டிக்கொண்டதால் குழுவைப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் அண்ணி வாசலிலிருந்து எடுத்துவந்த பேப்பரை வாங்கிப் பிரித்தாள். முதல் பக்கத்திலேயே கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். 'நோயாளிகள் தவிக்க, செல்போனில் மூழ்கிய நர்ஸ்: இணையத்தில் பரபரப்பு'. கீழே வெட்டிய படம். 'பொதுமக்கள் கொதிப்பு' என்று ஒரு பத்தி. அந்தப் பொதுமக்கள் யாரென்று பார்த்தால் உண்மை விளம்பியும் இன்னும் இரண்டு பேரும். அவர்கள் எழுதியதை எழுத்து மாறாமல் எடுத்துப் போட்டிருந்தார்கள். மெஷின் கெட்டுப்போன விஷயம் கடைசிப் பத்தியில், 'எனவும் கூறப்படுகிறது' என்று முடிந்திருந்தது.

காலைச் சிற்றுண்டி முடிவதற்குள் அந்தக் கட்டச் செய்தி குழுவுக்குப் போய்விட்டது. "பாத்தீங்களா, பேப்பர்லயே வந்துடுச்சு! நான் அப்பவே சொன்னேன்ல?" என்று எழுதினான் உண்மை விளம்பி. தான் சொன்னதைத்தான் பேப்பர் திருப்பிச் சொல்லியிருக்கிறது என்பது அவனுக்கும் தோன்றவில்லை, வேறு யாருக்கும் தோன்றவில்லை. முதல் நாள் சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்ட ஓரிருவரும், பேப்பரே போட்ட பிறகு வாயை மூடிக்கொண்டார்கள். மதியம் டிவிக்காரர்கள் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தினார்கள். நிகழ்ச்சி நடத்தியவர் குழுவில் வந்த கருத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டி, நாலு பேரை உட்காரவைத்து விவாதம் நடத்தினார். அந்த விவாதத்தை மறுநாள் பத்திரிகை செய்தியாகப் போட்டது. சிஸ்டரின் பெயர், வீட்டுத் தெரு, மகள் படிக்கும் கல்லூரி வரை குழுவில் வந்துவிட்டது.

கேள்விக்குறி செய்தி ஆசிரியரின் கண்ணாடி அறைக்குள் போனாள்.

"சார், அது வெட்டின படம். முழுப் படத்துல கெட்டுப்போன மெஷின் தெரியும். அந்த சிஸ்டர் கம்பெனிக்காரன்கிட்டதான் பேசிட்டிருந்தாங்க."

"அப்படின்னு யாரு சொன்னா?" என்றார் அவர், அவளுடைய கேள்வியையே எடுத்து. "நீ பாத்தியா?"

அவள் வாயைத் திறந்தாள். பார்த்தேன் என்றால் படம் யார் எடுத்தது என்ற கேள்வி வரும். எடுத்தது நான் என்றால் வேலை போகும். அண்ணன் வீட்டில் மருந்துச் செலவில் பாதி அவள் சம்பளம்.

"கேள்விப்பட்டேன் சார்," என்று மென்று விழுங்கினாள்.

"கேள்விப்பட்டதையெல்லாம் போட முடியுமா?" என்றார் அவர், கொஞ்சமும் சிரிக்காமல்.

அன்றைக்கே சிஸ்டரைச் சஸ்பெண்ட் செய்தார்கள். 'நமது செய்தி எதிரொலி' என்று பத்திரிகை பெருமையாகப் போட்டுக்கொண்டது.

வீட்டில் அண்ணன் கைப்பேசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியவளிடம் திரையை நீட்டினார். குழுவின் அடியாழத்தில் கிடந்த அந்த முழுப் படத்தை எப்படியோ தேடி எடுத்திருந்தார்.

"இந்த ஓரத்துல தெரியுது பாரு நீலத் துண்டு. யாருது?"

அவள் கழற்றிய செருப்பைச் சுவரோரம் தள்ளினாள்.

"என் துண்டு. என் நாற்காலிக் கைப்பிடி. அன்னிக்கு என் பக்கத்துல நின்னது ஒரே ஒருத்தி." அண்ணனுக்கு மூச்சு இரைத்தது. "எனக்கு ஊசி குத்தினா வலிக்குதுன்னு, கையைத் தடவிக்கிட்டே பேச்சுக் குடுத்துக் குத்துவா அந்தப் பொண்ணு. அவளையா நீ?"

"அண்ணா, நான் மெஷினுக்காகத்தான்..."

"நீ எதுக்காகப் போட்டா என்ன? கடைசியில போனது யாரு?"

அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தாள். "விடுங்க, பிரஷர் ஏறும்" என்றாள். ஆனால் அன்று அண்ணியும் கேள்விக்குறிக்குச் சாப்பாடு எடுத்துவைக்கவில்லை. வெறும் தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அண்ணனுக்கு வார்டில் கதை இன்னும் மோசம். படம் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்பது மற்றவர்களுக்கும் புரிந்துவிட்டது. வழக்கமாக ஊர்க்கதை பேசும் பக்கத்து நாற்காலிக்காரர், அவர் வந்தாலே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிஸ்டர் வீடு ஒரு தையல் கடைக்குப் பின்னாலிருந்த குறுகலான மாடிப்படி ஏறியதும் முதல் வீடு. பட்டப்பகலில் ஜன்னல் சாத்தியிருந்தது. மகள் கதவைப் பாதி திறந்து, வந்திருப்பது பத்திரிகைக்காரி என்று தெரிந்ததும் மூடப் போனாள். உள்ளேயிருந்து சிஸ்டர், "வரட்டும், விடு" என்றாள்.

உட்காரச் சொல்லவில்லை. கேள்விக்குறி நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை, செய்தி ஆசிரியர் முன்னால் மென்று விழுங்கியதையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் அழுகை வந்தது.

"அழாத. எனக்கு அதைப் பாக்கத் தெம்பு இல்லை," என்றாள் சிஸ்டர். "ஒண்ணு மட்டும் சொல்லு. படம் எடுக்கும்போது நான் யாருகிட்ட பேசிட்டிருந்தேன்னு உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அதை ஒரு வரி எழுதியிருக்கலாமே. 'சிஸ்டர் கம்பெனிக்காரங்ககிட்டப் பேசறாங்க'ன்னு. ஒரே ஒரு வரி."

"தோணலை சிஸ்டர். உங்க பேரு வெளிய வரக்கூடாதுன்னுதான்..."

"நீ பேரைப் போடலை. மூஞ்சியப் போட்டுட்டே." சிஸ்டர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என் மக மூணு நாளா காலேஜ் போகலை. தெருவுல பால் போடறவரு, பத்து வருஷமா வர்றவரு, என்னைப் பாத்து 'ஏம்மா இப்படிப் பண்ணீங்க'ங்கிறாரு. அவர்கிட்ட நான் என்னன்னு சொல்ல?"

மகள் கதவருகிலேயே நின்று, "கிளம்பறீங்களா?" என்றாள்.

கேள்விக்குறி நேராக அலுவலகத்துக்குப் போகவில்லை. பேருந்து நிறுத்தத்து இரும்புப் பெஞ்சில் உட்கார்ந்து, அதே குழுவில், இந்த முறை சொந்தப் பெயரில், தான் எங்கே வேலை செய்கிறாள் என்பதையும் சேர்த்து, நடந்ததை எழுதினாள். முழுப் படத்தை மறுபடி போட்டாள். 'படம் எடுத்தது நான். அந்தச் சிஸ்டர் மெஷினைச் சரிசெய்யத்தான் பேசிக்கொண்டிருந்தார். என் காதால் கேட்டேன்.' அனுப்பிவிட்டு வெகுநேரம் பெஞ்சிலேயே இருந்தாள்.

உண்மையைச் சொன்னால் ஊர் திரும்பிவிடும் என்று அவள் நம்பியது அந்தப் பிற்பகலோடு போயிற்று. சிலர் சிஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள். நிறையப் பேர், "எவ்வளவு வாங்கினே?" என்றார்கள். "பேப்பர்காரியே படம் போடுவாளாம், பேப்பரே அதை வைரல்னு செய்தி போடுமாம், நல்லா இருக்குடா நாடகம்" என்று ஒருவர் எழுதியதற்குத்தான் அதிகக் கைதட்டல். அதில் தப்புச் சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை. போட்டிப் பத்திரிகை மறுநாள் முதல் பக்கத்தில் போட்டது: 'பொய்க் கணக்கில் ஆஸ்பத்திரிப் பதிவு: நிருபர் ஒப்புதல்'. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி நிர்வாகம் அறிக்கை விட்டது. பொய்க் கணக்கில் வந்த புகார் என்பதால் மெஷின் பற்றிய செய்தியும் ஆதாரமற்றது என்றது அறிக்கை. டிவி அதை அப்படியே வாசித்தது.

செய்தி ஆசிரியர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே, அன்னிக்கே?"

"சொல்லியிருந்தா என்ன சார் பண்ணியிருப்பீங்க?"

அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "தெரியலை," என்றார். "மூடி மறைச்சிருப்பேன்னுதான் நினைக்கிறேன்." பிறகு, "மேலேருந்து உன்னை அனுப்பச் சொன்னாங்க. நான் வரி விளம்பரப் பிரிவுக்கு மாத்தறேன்னு பேசியிருக்கேன்" என்றார். வீடு வாடகைக்கு, வரன் தேவை, நாய்க்குட்டி விற்பனைக்கு. அவள் தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு பேசியவர் அண்ணன்தான். தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, சொல்லவில்லை. வார்டில் மெஷினோடு கோர்த்துக் கிடந்தபடியே, சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்த பக்கத்து நாற்காலிக்காரரைத் தோளில் தட்டி, "எனக்கு இந்த வீடியோ எழவு எடுக்கத் தெரியாது, நீ பிடி" என்று கைப்பேசியைக் கொடுத்திருக்கிறார். லாரிக்காரக் குரலில் ஒப்பனை ஏதுமில்லாமல் பேசினார். "இதோ ஓடுது நாலு. இதோ துணி போத்திட்டு நிக்குது ரெண்டு. பொய்னு சொல்றவன் நேர்ல வந்து இந்தத் துணியத் தூக்கிப் பாரு. இங்க இருந்த சிஸ்டரு இருந்தா இந்நேரம் என் காலை அமுக்கிப் பாத்துத் திட்டியிருப்பா. அவளை வீட்டுக்கு அனுப்பிட்டீங்க. மெஷின் வந்துச்சா?" மற்ற நாற்காலிகளிலிருந்தும் ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஒரு பாட்டியம்மா பேச ஆரம்பித்து, "அந்தப் புள்ளை எங்க?" என்பதற்கு மேல் பேச முடியாமல் கையை ஆட்டிவிட்டாள்.

அந்த வீடியோ குழுவுக்குப் போய், அலுவலகத் திரையில் ஏறியபோது பரபரப்பு வழக்கம்போல எடுத்துப் போட்டிருக்கலாம். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கே போய்விட்டாள். அலுவலகமே திரும்பிப் பார்த்தது. துணியைத் தூக்கிப் பார்த்து, கம்பெனிக்குப் போன் போட்டு, சிஸ்டர் அங்கே எத்தனையோ தடவை பேசியிருப்பதை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து எழுதினாள். எழுதிமுடித்து வரி விளம்பரப் பிரிவுக்கு வந்து, "அக்கா, இதுல ஏதாவது விட்டுப்போச்சான்னு பாருங்க" என்றாள். தலைப்பில் பரபரப்பு இல்லை. செய்தி ஐந்தாம் பக்கத்தில் வந்தது. முதல் பக்கத்துக்கு அது போதுமான அளவு ஓடவில்லை என்றார் செய்தி ஆசிரியர்.

ஓடாவிட்டாலும் ஓரளவு வேலை நடந்தது. ஒரு மெஷினைச் சரிசெய்தார்கள். இன்னொன்றை, பார்வைக்கு நன்றாயில்லை என்று கிடங்குக்குத் தள்ளிவிட்டார்கள். அண்ணனுக்கு ஒரு வாரம் மூன்று நாள், மறு வாரம் இரண்டு நாள் என்று கிடைத்தது. சிஸ்டரின் சஸ்பெண்டை ரத்து செய்தார்கள். ஆனால் 'பொதுமக்கள் உணர்வைக் கருதி' ஊரின் மறுகோடியில் உள்ள சிறிய ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். டயாலிசிஸ் பிரிவில் பணியாளர் கைப்பேசி வைத்திருக்கக் கூடாது என்று சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள். புதிதாக வந்த நர்ஸ், மெஷின் முரண்டு பிடித்தால் இரண்டு மாடி இறங்கி அலுவலக அறைக்குப் போய்த்தான் கம்பெனியைக் கூப்பிட வேண்டியிருந்தது. இணையத்தில் சிஸ்டரின் பெயரைத் தேடினால் வெட்டிய படம்தான் முதலில் வந்தது. பரபரப்பு தங்கள் தளத்திலிருந்து அதை எடுத்துவிட்டாள். ஆனால் அதற்குள் அதை எத்தனையோ இடங்களில் எத்தனையோ பேர் எடுத்துப் போட்டிருந்தார்கள்.

மழை விட்ட ஒரு காலையில் கேள்விக்குறி அந்தச் சிறிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். சிஸ்டர் புறநோயாளிகள் ஜன்னலில் உட்கார்ந்து சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் பாதியை மறைக்கிற மாதிரி முகக்கவசம். அங்கே வேறு யாரும் போட்டிருக்கவில்லை. வரிசையில் நின்று தன் முறை வந்ததும் கேள்விக்குறி, "சிஸ்டர்" என்றாள்.

சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் தெரியவில்லை, வேறெதுவும் தெரியவில்லை.

"உன் அண்ணன் எப்படி இருக்காரு?"

"இருக்காரு. கால் வீக்கம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காரு."

"தண்ணி அளவாக் குடிக்கச் சொல்லு. பல் தேய்க்கப் போனா கூட யாராவது நில்லுங்க. அவரு அங்கதான் ஏமாத்துவாரு."

"சிஸ்டர், நான்..."

"பின்னால ஆள் நிக்குதும்மா," என்றாள் சிஸ்டர். காய்ச்சலில் சிணுங்கும் குழந்தையைத் தோளில் போட்டிருந்த பெண் ஜன்னலை நோக்கி நகர்ந்தாள். கேள்விக்குறி விலகி வழிவிட்டாள்.